வாலை நம்பலாமா?

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் தொங்கும் ஆட்டைத்தான் பார்ப்பார்கள். தோலை உரித்த பிறகும் வாலை விட்டுவைத்திருப்பார்கள். கிடாய் என்று காட்ட விதையும் இருக்கும். மாநகராட்சி இறைச்சிக் கூடத்தில் அறுத்ததென்றால் முத்திரை விழுந்திருக்கும். ஆடு பக்கத்துக் கிராமத்திலிருந்தோ திருப்புவனம் சந்தையிலிருந்தோ வந்தவரை இந்த அடையாளங்களே போதும்.

2018 நவம்பரில் அது போதவில்லை. ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கும் அதிகமான இறைச்சி சென்னை எழும்பூரில் பிடிபட்டது. வால் நீளமாக இருந்ததால் ‘நாய்க்கறி’ என்று பேச்சு கிளம்பியது. வாட்ஸ்அப் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சில நாள் கழித்து, அது ஆட்டிறைச்சிதான் என்று ஆய்வக முடிவு வந்தது. ராஜஸ்தான் ஆடுகளுக்கு நம்மூர் ஆட்டைவிட வால் நீளம், அவ்வளவுதான்.

இப்படி இனம் கண்டுபிடிக்க உதவுவது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஒரு செல்லுக்குள் இதன் நகல்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், வெந்த கறியிலும் கொஞ்சம் தப்பிப் பிழைக்கும். அதிலுள்ள சைட்டோகுரோம் பி என்ற மரபணுவின் எழுத்து வரிசை ஆட்டுக்கு ஒன்று, நாய்க்கு வேறொன்று. ஆனால் இது சொல்வது ‘எந்த விலங்கு’ என்பதை மட்டுமே. எழும்பூரில் எழுந்திருக்க வேண்டிய கேள்விகள் வேறு: எங்கே அறுத்தது, யார் பரிசோதித்தது, எத்தனை நாள் பயணம்?

‘எங்கிருந்து’ என்பதற்கு ஐசோடோப்புகள் ஓரளவு விடை தரும். வெப்பமண்டலப் புல், சோளம், மக்காச்சோளம் போன்றவற்றில் எடை கூடிய கார்பன் 13 சற்று அதிகம்; நெல்லிலும் மரத்தழையிலும் குறைவு. தின்றது தசையில் பதியும். எனவே புல் மேயும் செம்மறியும், கருவேலந்தழையை எட்டிக் கடிக்கும் வெள்ளாடும் கறியிலேயே வேறுபடும். மக்காச்சோளத் தீவனத்தில் வளர்ந்த கோழியை ‘நாட்டுக்கோழி’ என்று விற்றாலும் கார்பன் காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. தண்ணீருக்கும் கைரேகை உண்டு. சித்திரை வெயிலில் ஊருணி வற்ற வற்ற லேசான நீர் முதலில் ஆவியாகும். எஞ்சியதில் கனமான ஆக்சிஜன் 18 கூடும். அதைக் குடித்த ஆட்டின் உடலிலும் அது கூடும்.

ஆனால் இது அதிசயக் கருவி அல்ல. ராஜஸ்தானிலும் வெயில் உண்டு, கருவேலமும் உண்டு. வாங்கி வந்த ஆட்டைச் சில மாதம் இங்கே மேய்த்தால் பழைய தடயம் மங்கும். தவிர, ஒப்பிட இந்த மண்ணில் வளர்ந்த ஆடுகளை முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். என் பார்வையில், ஆய்வகம் ஆடு வந்த ஊரைச் சொல்லும் காகிதத்தைச் சரிபார்க்கத்தான் லாயக்கு. காகிதமே இல்லாத இடத்தில் அது தனியாகத் தவிக்கும்.

காகிதத்துக்காக நாடுகள் சண்டையே போட்டிருக்கின்றன. அமெரிக்கா 2009-இல் இறைச்சிக்குப் பிறப்பிட முத்திரையைக் கட்டாயமாக்கியது. கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி வென்றதால், 2015 டிசம்பரில் மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் அதைக் கைவிட்டது. வேடிக்கை, அங்கே வெள்ளாட்டுக் கறிக்கு அந்த விதி இன்னும் இருக்கிறது! இந்தியாவில் இறக்குமதியாகும் பொட்டலத்துக்கு நாட்டின் பெயர் வேண்டும். வெட்டிக் கட்டித் தரும் உள்ளூர்க் கறியில் ஏது பொட்டலம், ஏது பெயர்? மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா கடக்நாத் கோழி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. இறைச்சியும் ஊர்ப்பெயரைச் சுமக்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் உணவகப் பட்டியலில் ‘செட்டிநாடு’ என்பது மசாலாவின் ஊர். கோழி பல்லடத்திலிருந்து வந்திருக்கலாம்.

“எந்தச் சந்தை ஆடுண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கடைக்காரருக்குத் தெரியும்; ஆடு பிடித்த விலையே அதில்தான் இருக்கிறது. அதை ஒரு சிலேட்டில் எழுதித் தொங்கவிடும் வழக்கம்தான் இல்லை.