ஓடும் முன் பசியாறலாமா?

காலை 7.30 மணிக்கு நாஃபா தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டம். "வெறும் வயிற்றோடு ஓடினால் மயக்கம் வரும், இரண்டு தோசையாவது சாப்பிட்டுப் போ" என்கிறார் அம்மா. "சாப்பிட்டுவிட்டு ஓடினால் வாந்திதான் வரும்" என்கிறார் நண்பர். "வெறும் வயிற்றில் ஓடினால்தான் கொழுப்புக் கரையும்" என்கிறார் வகுப்பில் இன்னொருவர். நீங்கள் யார் பேச்சைக் கேட்பீர்கள்?

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, இரவில் நீங்கள் தூங்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

இரண்டு சேமிப்புக் கிடங்குகள்

சோறு, ரொட்டி, தோசை ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்து, செரிமானத்துக்குப் பிறகு குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கிறது. உடனே தேவைப்படாத குளுக்கோஸைக் 'கிளைகோஜன்' என்ற வடிவில் கல்லீரலும் தசைகளும் சேமித்து வைக்கின்றன. நன்றாகச் சாப்பிட்ட பெரியவர் ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் கிளைகோஜன் இருக்கும்.

நீங்கள் தூங்கினாலும் மூளை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காடு மூளைக்குப் போகிறது. அதற்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல் விடிய விடிய இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் காலையில் எழும்போது கல்லீரலின் கையிருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்.

தசைகள் அப்படியல்ல. கிளைகோஜனைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுவதற்குத் தேவையான நொதி கல்லீரலில் உண்டு, தசைகளில் இல்லை. தசையில் சேர்ந்த கிளைகோஜனைத் தசை மட்டுமே பயன்படுத்த முடியும். ஆகவே, முந்தைய இரவு நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால், காலையில் உங்கள் கால் தசைகளில் எரிபொருள் அநேகமாக அப்படியே இருக்கும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. நீங்கள் 50 கிலோ எடையுள்ளவர் என்று வைத்துக்கொண்டால், 2.4 கிலோமீட்டருக்கு 50 × 2.4 = 120 கிலோகலோரி. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரி தரும். முழு ஆற்றலும் மாவுச்சத்திலிருந்தே வந்தாலும் 30 கிராம் போதும். உங்கள் தசைகளின் கையிருப்பு பெரியவர்களைவிடக் குறைவாக இருந்தாலும், இது அதில் ஒரு சிறு பங்குதான்.

நெடுந்தூர ஓட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானை ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். சிலரின் இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்து, அவர்கள் வெளிறிப்போய், தளர்ந்து, குழப்பத்தோடு இருந்தார்கள். மறுவருடம் ஓட்டக்காரர்கள் சிலருக்கு முன்கூட்டியே மாவுச்சத்து மிகுந்த உணவும் ஓடும்போது மிட்டாயும் கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஓடி முடித்தபோது அவர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள். 40 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுபவருக்கு உணவு எரிபொருள். 2.4 கிலோமீட்டர் ஓடும் உங்களுக்கோ, தலைசுற்றலையும் பசிச் சோர்வையும் தவிர்க்கத்தான் அது உதவுகிறது.

வயிறு ஏன் முரண்டு பிடிக்கிறது?

ஓடத் தொடங்கியதும் கால் தசைகளுக்கு இரத்த ஓட்டம் அதிகரிக்கிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் குறைகிறது. அந்த நேரத்தில் வயிறு நிறைய உணவு இருந்தால் குமட்டலும் விலாப்பக்கம் குத்தும் வலியும் வரலாம். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறும். நாசி லெமாக், பரோட்டா இரண்டும் ஓட்டத்துக்கு முன் ஏற்றவை அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

கொழுப்புக் கரையுமா?

வெறும் வயிற்றில் ஓடும்போது உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிப்பது உண்மைதான். ஆனால், எடை குறைவது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பொறுத்ததல்ல. அமெரிக்காவில் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2014ல் வெளியிட்ட ஆய்வில், 20 இளம்பெண்கள் இரண்டு பிரிவாக 4 வாரம் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் உண்டபின், மற்றவர்கள் வெறும் வயிற்றில். இரு பிரிவினருக்கும் உணவின் கலோரிக் கட்டுப்பாடு ஒன்றே. இறுதியில் இருவருக்கும் குறைந்த கொழுப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அது சிறிய ஆய்வுதான். என்றாலும், மெலிய வேண்டும் என்பதற்காக வளரும் வயதில் பசியாறாமல் ஓடி, பிறகு பாடவேளையில் சோர்ந்துபோவதற்கு அது ஆதரவு தரவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

• முந்தைய இரவு உணவைத் தவிர்க்காதீர்கள். காலை ஓட்டத்துக்கான எரிபொருளில் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது.

• முழுச் சாப்பாடு என்றால் ஓட்டத்துக்கு 2 முதல் 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

• அவ்வளவு சீக்கிரம் எழ முடியாதவர்கள், 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒரு வாழைப்பழமோ ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிடலாம். வயிற்றில் எதுவும் தங்காதவர்கள், ஓடி முடித்தபின் பசியாறலாம்.

• எழுந்ததும் தண்ணீர் குடியுங்கள். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும். வியர்வை எளிதில் உலராததால் உடல் சூடு தணியத் தாமதமாகும்.

• நீரிழிவு உள்ளவர்களும் முன்பு மயங்கி விழுந்தவர்களும் தாங்களாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஓடும்போது தலைசுற்றினால் உடனே நின்று ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

தேர்வு நாளன்று புதிதாக எதையும் முயலாதீர்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, ஒரு பயிற்சி நாளில் வாழைப்பழம் சாப்பிட்டும் மற்றொரு நாளில் சாப்பிடாமலும் ஓடிப் பாருங்கள். தூரமும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். எடுத்துக்கொண்ட நிமிடங்களையும் வயிறு எப்படி இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால், உங்கள் உடலுக்கு எது ஒத்துவரும் என்பதை அம்மாவிடமும் நண்பரிடமும் நீங்களே சொல்லலாம்.