வாசுவுக்கு இந்தி சொல்லிக் கொடுத்த சந்தியா என்ன ஆனாள்?

சினிமாவில் காதலர்கள் சேர்ந்தால் ரசிகர்கள் கைதட்டுகிறார்கள். பிரிந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் நடுவே வந்து, கதைக்கு வேண்டிய உதவியைச் செய்துவிட்டு, ஓரமாக ஒதுங்கிப் போகும் மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

மும்பைத் தமிழர்கள் கவலைப்படுகிறார்கள்!

அதற்குக் காரணம் உண்டு. ஊரில் இருப்பவர் ஒரு கதையை ஒரு தடவை பார்க்கிறார். இங்கே இருப்பவர் அதே கதையை நம் பக்கத்து மொழியில் ஒரு தடவையும், இந்தியில் ஒரு தடவையும் பார்க்கிறார். முதல் தடவை கண் முழுவதும் கதாநாயகன், கதாநாயகி மீதுதான் இருக்கும். இரண்டாம் தடவை அந்த இருவரும் என்ன ஆவார்கள் என்பது முன்பே தெரியும். ஆகவே கண் மெல்ல ஓரத்துக்குப் போகிறது. அங்கே நிற்பது யார் என்று பார்க்கிறது.

ரெயில்வே கேன்டீன், டோம்பிவிலி லோக்கல், தாராவி டீக்கடை என்று நாலு தமிழர் கூடும் இடங்களில் பழைய படப் பேச்சு வந்தால் கடைசியில் அது தகராறாகத்தான் முடியும். அந்தத் தகராறுகளில் நான் அதிகம் கேட்ட பெயர் ஒரு நடிகருடையது அல்ல. ஒரு கதாபாத்திரத்தின் பெயர்: சந்தியா.

நம்ம ஆள் ஹீரோ!

1978ல் கே.பாலசந்தர் தெலுங்கில் 'மரோ சரித்ரா' எடுத்தார். விசாகப்பட்டினக் கடற்கரை. தமிழ்ப் பையன் பாலு, தெலுங்குப் பெண் சொப்னா. கமலஹாசனும், அறிமுக நடிகை சரிதாவும் நடித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். தமிழில் 'டப்' செய்யாமல் தெலுங்கிலேயே சென்னையில் திரையிட்டார்கள். அப்படியும் ஓராண்டைத் தாண்டி ஓடியது. காதலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சென்னை ரசிகர்கள் காட்டிவிட்டார்கள்.

1981ல் அதே கதையை அதே டைரக்டர் இந்தியில் 'ஏக் தூஜே கே லியே' என்று எடுத்தார். கடற்கரை கோவாவுக்கு மாறியது. சரிதா இடத்துக்கு ரதி அக்னிஹோத்ரி வந்தார். தெலுங்குப் பெண் வட இந்தியப் பெண் ஆனாள். பையன் மட்டும் மாறவில்லை. அவன் தமிழனாகவே இருந்தான். பெயர்தான் பாலுவுக்குப் பதிலாக வாசு.

இது சாதாரண விஷயமா? அதுவரை இந்திப் படத்தில் 'மதராசி' என்றால் சிரிப்புக் காட்டுபவன். 1968ல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் போட்ட பாட்டு வாத்தியார் வேஷத்தை நினைத்துப் பாருங்கள். குடுமியும், உச்சரிப்பும், ஆட்டமும்! கொட்டகையே குலுங்கியது. நம்மவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், வேறு வழியில்லை.

"வாசு வந்த பிறகுதான் தம்பி, எங்களுக்குத் தெம்பு வந்துது" என்கிறார் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். படம் வந்தபோது அவருக்கு வயது இருபது.

"அப்போ எனக்கு இந்தி இருபது வார்த்தைதான் தெரியும். ஹீரோவுக்கும் அம்புட்டுதான் தெரியும்! அவன் தமிழ்ல பேசுதான், இந்திக்காரன் பக்கத்து சீட்ல உக்காந்து ரசிக்கான். 'க்யா போலா, க்யா போலா'ன்னு எங்கிட்ட அர்த்தம் கேக்கான். அன்னைக்குத்தான் முதல் முதலா ஒரு இந்திக்காரன் எங்கிட்ட அர்த்தம் கேட்டான்!"

வாசுவுக்குப் பாடியவரும் நம்மவர்தான். எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு அந்தப் படத்தின் பாட்டுக்காகத் தேசிய விருதே கிடைத்தது.

கமல்–ரதி ஜோடி பொருத்தமா, கமல்–சரிதா ஜோடி பொருத்தமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. என்னைக் கேட்டால், சரிதாவின் கண்ணுக்கு ஈடு கிடையாது. வண்ணப் படத்தில் கிடைத்தது வண்ணம்தான். ஆனால் அண்ணாச்சி ரதி கட்சி. இதில் அவரோடு மோதிப் பயனில்லை.

மறக்கப்பட்ட வாத்தியாரம்மா

இனி சந்தியாவுக்கு வருவோம்.

கதை தெரியாதவர்களுக்காக: காதலர்கள் ஓராண்டு காலம் பிரிந்திருக்க வேண்டும், கடிதம்கூடக் கூடாது என்று பெற்றோர் நிபந்தனை போடுகிறார்கள். வாசு வெளியூர் போகிறான். அங்கே சந்தியா என்ற இளம் விதவையைச் சந்திக்கிறான். காதலிக்காகவாவது இந்தி கற்றுக்கொள் என்று அவனைத் தூண்டுபவள் அவள்தான். சொப்னா வேறு கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாள் என்று ஒருவன் பொய் சொல்ல, வாசு ஆத்திரத்தில் சந்தியாவையே மணப்பதாக முடிவு செய்கிறான். அவளும் சம்மதிக்கிறாள். பிறகு அவளே கோவா போய் உண்மையைத் தெரிந்துகொண்டு, அவனைக் காதலியிடம் திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

அதோடு அவள் வேலை முடிந்தது. இல்லை, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. தங்கை ஏமாற்றப்பட்டாள் என்று நினைத்து அவளுடைய அண்ணன் ஏவிய அடியாட்கள் வாசுவைத் தாக்குகிறார்கள். முடிவில் காதலர்கள் இருவரும் உயிரை விடுகிறார்கள்.

அதாவது சந்தியாவின் ஆசை, அவளுடைய துக்கம் எல்லாம் முடிவுக் காட்சிக்கு நாலு தடியர்களைக் கொண்டுவருவதற்காகப் பயன்பட்டது! இது டைரக்டர் செய்த அநியாயம் என்பது என் கட்சி. வேறு யாராவது செய்திருந்தால் விட்டுவிடலாம். 'அரங்கேற்றம்' (1973), 'அவள் ஒரு தொடர்கதை' (1974), 'அவர்கள்' (1977) என்று இப்படிப்பட்ட பெண்களையே நடுவில் நிறுத்திப் படம் எடுத்தவர் அல்லவா பாலசந்தர்? அவர் கையிலேயே சந்தியா நழுவிப் போனாள். தெலுங்கு, இந்தி இரண்டிலும் அந்த வேஷத்தைப் போட்டவர் மாதவி. தெலுங்கில் விட்டதை இந்தியில் சரி செய்ய மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. செய்யவில்லை.

எங்கள் பிரிவில் ஓர் அக்கா வேலை பார்க்கிறார். பணியில் இருந்த கணவர் காலமாகிவிட்டதால், கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்த விவாதம் நடந்தபோது டிபன் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னார்:

"கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னாளே, அதுக்கு முன்னாடி எத்தனை ராத்திரி யோசிச்சிருப்பா? அதைக் காட்டலை. அவனை அனுப்பிட்டு மறுநாள் காலையில எழுந்து பால் வாங்கியிருப்பா. அதையும் காட்டலை."

பேசிக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

அந்தப் படம் பார்த்த சில காதலர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாக அந்தக் காலத்தில் செய்திகள் வந்தன. மொழி வேறு, சாதி வேறு என்று வீட்டில் தடை இருந்த பிள்ளைகளுக்கு வாசுவும் சொப்னாவும் ஒரு வழி காட்டியதுபோல் தோன்றிவிட்டது. இழந்த பிறகும் இருந்து காட்டியவள் ஒருத்தி அதே படத்தில் இருந்தாள். அவளைத்தான் கேமரா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததை ரசிகன் எப்படிப் பார்ப்பான்?

கேத்தி ஸ்டேஷன்

அடுத்த தகராறு 'மூன்றாம் பிறை'. 1982ல் பாலு மகேந்திரா எடுத்து, கமலுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். 1983ல் அவரே இந்தியில் 'சத்மா' என்று எடுத்தார். ஜோடியும் அதே கமல், ஸ்ரீதேவி. இசையும் அதே இளையராஜா. அப்படியும் தமிழில் அமோகமாக ஓடியது, இந்தியில் அப்போது ஓடவில்லை. பல ஆண்டு கழித்துத்தான் வடக்கே 'ஆஹா' என்றார்கள். ரெயில் போன பிறகு கொடி காட்டியதுபோல!

கடைசிக் காட்சி நீலகிரி ரெயில் பாதையில் கேத்தி ஸ்டேஷனில் எடுக்கப்பட்டது. நினைவு திரும்பிய பெண்ணுக்குத் தன்னைக் காப்பாற்றியவனை அடையாளம் தெரியவில்லை. அவன் குரங்கு போலக் குட்டிக்கரணம் போட்டுக் காட்டுகிறான். ரெயில் புறப்பட்டுவிடுகிறது.

ரெயில்வே ஊழியன் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை. அந்த மலை ரெயிலின் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். பஸ் ஏறியிருந்தால் அடுத்த ஸ்டேஷனில் ஸ்ரீதேவியை நிதானமாகப் பிடித்திருக்கலாம். இதை நான் சொன்னால் எங்கள் ஆபீசில் அடிக்க வருகிறார்கள். அழுதுகொண்டிருப்பவனிடம் டைம் டேபிளைக் காட்டக்கூடாதாம்.

ஆனால் இந்தப் படத்திலும் ஓரமாக ஒருத்தி உண்டு. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரின் இளம் மனைவி. தமிழ், இந்தி இரண்டிலும் சில்க் ஸ்மிதாதான் நடித்தார். கிழவருக்கு வாழ்க்கைப்பட்டவள். சம்பளக்கார வாத்தியார் மேல் ஆசை வைக்கிறாள். அவன் ஏற்கவில்லை. அவளுக்கு ஒரு பாட்டு கொடுத்தார்கள், அந்தப் பாட்டுக்காகவே பலர் திரும்பத் திரும்பப் போனார்கள். பாட்டு முடிந்ததும் எழுந்து போய் பீடி பிடித்தவர்களும் உண்டு. அவள் வீட்டுக்குள் எப்படி இருந்தாள் என்று யார் கேட்டார்கள்? அந்தக் கதாபாத்திரத்தின் பெயர் என்ன என்று நான் பத்துப் பேரிடம் விசாரித்தேன். எல்லோரும் "ஸ்மிதா" என்றார்கள். 1996ல் மறைந்த அந்த நடிகைக்குக் கிடைத்த வேஷங்கள் முக்கால்வாசி இப்படித்தான்.

எது போகும், எது போகாது?

'பதினாறு வயதினிலே' (1977) இந்திக்குப் போய் 'சோல்வா சாவன்' (1979) ஆன கதையை நீட்ட வேண்டியதில்லை. பாரதிராஜாவே எடுத்தார், ஸ்ரீதேவியே நடித்தார். சப்பாணியாக அமோல் பாலேகர். நல்ல நடிகர்தான். ஆனால் 'ரஜ்னிகந்தா' (1974), 'சோட்டி சி பாத்' (1976) படங்களில் ஆபீஸ் பையோடு மும்பையில் அலைந்தவரைக் கோவணத்தோடு பார்க்க இந்தி ரசிகர் தயாராக இல்லை. பாஷையை மாற்றலாம், வயல் வரப்பை மாற்ற முடியுமா? வாசுவின் கதை இந்தியில் நின்றதற்குக் காரணமே, அவன் அயலான் என்பதை மறைக்காததுதான்.

ஓர ஆள் ஜெயித்த படமும் உண்டு. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) இந்தியில் 'ப்யார் கியே ஜா' (1966) ஆனது. அதையும் ஸ்ரீதர்தான் எடுத்தார். நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் கட்டத்தை மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் செய்தார்கள். மெஹ்மூதுக்கு பிலிம்பேர் பரிசு கிடைத்தது. யார் யாரைக் காதலித்தார்கள் என்பதை மறந்தவர்கள்கூட அந்தக் கட்டத்தை மறக்கவில்லை. சிரிக்க வைக்கும் ஓர ஆளுக்கு இடம் கிடைக்கிறது. அழ வேண்டிய ஓர ஆளுக்குத்தான் கிடைப்பதில்லை.

இப்போது வீட்டுக்குள்ளேயே புதுத் தகராறு. நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். அவர்கள் முதலில் பார்ப்பது இந்திப் படத்தை. முலுண்டில் இருக்கும் நண்பர் ஒருவர் தம் மகளுக்கு மணிரத்னத்தின் 'அலைபாயுதே' (2000) போட்டுக் காட்டினார். அரை மணி நேரத்தில் அவள், "அப்பா, இது 'சாத்தியா' காப்பி!" என்றாள். 'சாத்தியா' 2002ல் வந்தது, இதுதான் மூலம் என்று அவர் ஆண்டுக் கணக்குச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. ஏனென்றால் 'சாத்தியா'வில் காதல் ஓடுவது மும்பை லோக்கலில். அவள் தினமும் காலேஜ் போகிற லோக்கல்! சென்னை மின்சார ரெயில் அவளுக்குத்தான் காப்பி.

ஆனால் அந்தப் பெண்ணும் ஓர ஆளிடம்தான் வந்து நின்றாள். கதாநாயகி மேல் காரை மோதிவிட்ட அதிகாரி மனைவி, தமிழில் குஷ்பு, இந்தியில் தபு. பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளும் கணவர், தமிழில் அரவிந்த்சாமி, இந்தியில் ஷாருக்கான். "அவங்க ரெண்டு பேர் கதையைத் தனிப் படமா எடுத்திருக்கலாம்" என்றாளாம். நண்பருக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆபீஸ் தெலுங்கு நண்பர் கடைசியில் ஒரு போடு போட்டார். "சந்தியாவைப் பற்றி நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். நீங்கள் பார்த்தது இந்திச் சந்தியா. முதல் சந்தியா எங்களுடையவள். 'மரோ சரித்ரா' பார்க்காமல் என்ன நியாயம் பேசுவது?"

நியாயமான கேள்விதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டில் அந்தப் படத்தைப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. நண்பருக்குத் தமிழ் வராது, அண்ணாச்சிக்குத் தெலுங்கு வராது. ஆகவே நண்பர் இந்தியில் அர்த்தம் சொல்லுவார். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சந்தியா வரும் காட்சிகளில் யாரும் டீ போட எழுந்து போகக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.