மொய் நோட்டில் நம் பெயர்

"மொய் விருந்தா? கல்யாணம் யாருக்குடா?" என்று ஹாஸ்டலில் கேட்கிறார்கள். யாருக்கும் இல்லை! கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணி. எங்க பக்கத்து ஊர்கள் இவை. ஆடி, ஆவணி வந்தால் பணத் தேவை உள்ளவர் பத்திரிகை அடித்து, ஊரைக் கூப்பிட்டு, கறி விருந்து போடுவார். வந்தவர்கள் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். செலவு குறைய, பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. ஒருவருக்கு மறுபடி முறை வர சாதாரணமாக 5 வருஷம் ஆகும்.

இது தானம் இல்லை. வங்கிக் கடனும் இல்லை. பத்திரம், ஜாமீன் கிடையாது, நோட்டுதான் சாட்சி. வாங்கியதை அவரவர் விருந்தில் திருப்பி எழுதணும், மேலே கொஞ்சம் கூட்டியும் வைக்கணும். அதனால் கணக்கு என்றைக்கும் பூஜ்யமாகாது, உறவும் முடியாது! திருப்ப வழியில்லாதவருக்கு இதே நோட்டு பெரிய பாரம் என்பதும் உண்மை.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தது. பிறகு என் டிப்ளமோ ஃபீஸை அப்பா விருந்துப் பணத்தில்தான் கட்டினார். அந்த நோட்டில் டீக்கடைக்காரர், கொத்தனார், எங்களோடு பேச்சு நிறுத்திய பங்காளி, எல்லோரும் இருக்கிறார்கள். நாளை எந்த ஊரில் வேலை கிடைத்தாலும், அவர்கள் பந்தலில் உட்கார்ந்து நான் எழுத வேண்டும். என்னை எதிர்பார்க்க ஓர் ஊர் இருக்கிறது. அதைவிட வேறென்ன சொத்து வேண்டும்?

- மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரிக்கல்