இளம் முகமும் இயற்கை ஒளியும்

குழந்தைப் பருவத்துக்கு அடுத்தபடியாக மனித முகம் மிக விரைந்து மாறுங் காலம் 13 வயது முதல் 19 வயது வரையுள்ள பருவமாகும். சென்ற தைப்பொங்கலன்று கண்ட முகத்தை வரும் தைப்பொங்கலன்று காணமுடியாது. ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல இல்லங்களில் அப்பருவத்தின் சான்றாக எஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்ட ஒரு சிறு படமேயாகும். நேர்நோக்கிய பார்வையும் அசைவற்ற உதடுகளுமாக அமைந்த அப்படம் ஆளை இன்னாரென அறியப் பயன்படும். அவர்தம் இயல்பை அறியப் பயன்படாது. இடப்பெயர்வுகளாலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் குடும்பப் படங்களை இழந்த கரையோர மக்களுக்கு, நல்ல படம் ஒன்றின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இக்காலத்தில் கமரா இல்லாத வீடு அரிது. கைத்தொலைபேசியே கமராவாக உள்ளது. எனினும், வெளியிடத்தில் எடுக்கப்படும் இளைஞர் படங்களிற் பல, முகம் கருகியோ வெளிறியோ போய்விடுகின்றன. இது முகத்தின் குறையன்று. ஒளியைத் தெரிந்துகொள்ளாமையின் விளைவேயாகும்.

வல்வெட்டித்துறையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் தைப்பொங்கலன்று அவ்வூரின் உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டத் திருவிழாவுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரளுகின்றனர். மாதக்கணக்கில் மூங்கிலைச் சீவி, தாளை ஒட்டி, நூலைக் கட்டிய சிறுவரும் இளைஞரும் தம் பட்டங்களை ஏந்தி நிற்கும்போது, அவர்தம் முகங்களில் தோன்றும் பெருமிதம் ஸ்ரூடியோவில் வருவிக்கக்கூடியதன்று. அதைப் படமாக்க விரும்புவோர் முதலில் கதிரவன் நிற்குந் திசையை நோக்குதல் வேண்டும்.

வல்வெட்டித்துறை வட அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில், வடக்கே கடலை நோக்கி அமைந்த ஊர். தை மாதத்தில் நண்பகற் கதிரவன் உச்சியில் நில்லாமல், தென்வானில் ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் நிற்கும். மாலையில் மேற்குக்குத் தெற்கே சாய்ந்து மறையும். எனவே, அம்மாதத்து மாலை வேளையில் ஒருவரைக் கடலை நோக்கி நிற்கச் செய்தால், கதிரவன் அவருடைய முதுகுப்புறமாக அமையும். முகத்தில் நேர்வெயில் படாது. கண்கள் கூசிச் சுருங்கா. முன்னேயுள்ள விரிந்த வடவானத்தின் மென்மையான ஒளி முகம் முழுவதையும் தழுவும். பின்னாலிருந்து வரும் வெயிலோ கூந்தலுக்கும் தோளுக்கும் பொன்விளிம்பு கட்டிவிடும்.

இவ்விதி ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதிப் பகுதியிலும் நண்பகற் கதிரவன் அவ்வூரின் நேர் உச்சிக்கு வந்துவிடுகின்றது. அவ்வேளையிற் புருவத்தின் நிழல் கண்களைக் குழிகளாக்கும். மூக்கின் நிழல் மேலுதட்டில் வீழும். இளமைக்குரிய சிறு பருக்களுங்கூட மேடுகளாகத் தோன்றும். ஆனி மாதத்திலோ கதிரவன் மேற்குக்கு வடக்கே, கடற்பக்கமாகச் சாய்ந்து மறைவதால், மாலையிற் கடலை நோக்கி நிற்பவர் முகத்தில் வெயில் அடிக்கும். அக்காலங்களில் வீட்டு விறாந்தையே சிறந்த இடமாகும். கூரை நிழலின் ஓரத்தில், முற்றத்தைப் பார்த்தவாறு ஒருவரை இருத்தினால், வெளியொளி வடிகட்டப்பெற்றதுபோல் முகத்தில் வந்து படியும். எதிரே வெயில் படும் வெள்ளையடித்த மதில் இருப்பின் இன்னும் நன்று. அது ஒளியைத் திருப்பி அனுப்பும். மதில் இல்லையேல் நாலாக மடித்த வெள்ளை வேட்டியொன்றை நிழற்பக்கத்தில் ஒருவர் பிடித்தாலே போதும். மரநிழலை நாடுவோர், இலைகளின் இடைவெளியால் முகத்தில் விழும் வெயிற் புள்ளிகளையும் இலைகளின் பசுமைச் சாயலையும் தவிர்த்தல் வேண்டும்.

அடுத்து, நிறம் பற்றிய செய்தி. கமரா தானாக ஒளியை அளக்கும்போது, தன்முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு ஒத்த பிரகாசமுடையது என்றே கொள்கின்றது. பின்னால் மின்னுங் கடலும் வானும் நிறைந்திருந்தால், அப்பேரொளியைக் குறைக்க முயன்று முகத்தைக் கருக்கிவிடுகின்றது. பின்னணி மிக இருண்டிருந்தால், அதை வெளிச்சமாக்க முயன்று முகத்தை வெளிறச் செய்கின்றது. ஆகவே, கடலைவிட்டு முகத்தையே அளக்கச் செய்தல் வேண்டும். தொலைபேசியின் திரையில் முகத்தைத் தொட்டால் அது நிகழும். பின்னணிக்குக் கிடுகு வேலி, கரையேற்றிய வள்ளத்தின் பக்கம், பனைமரத்தின் அடி முதலியன பொருத்தமானவை. படமெடுப்பவர் ஆறேழு அடி விலகி நிற்பதும் அவசியம். மிக நெருங்கி எடுத்தால் மூக்குப் பருத்தும் காதுகள் ஒடுங்கியும் தோன்றும்.

கருவி செய்தோரும் நெடுங்காலம் கருநிற முகத்தைக் கருத்திற் கொண்டாரல்லர். 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வண்ணப் படச்சுருளின் நிறத்தைச் சரிபார்ப்பதற்கெனக் கொடக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் உருவமே அளவுகோலாக விளங்கியது. இன்று அக்குறை பெரிதும் நீங்கியுள்ளது. எனினும், தொலைபேசியின் அழகூட்டும் செயலிகள் மாநிற முகத்தைச் சொல்லாமலே வெளுப்பாக்கிவிடுகின்றன. தன் நிறம் மாற்றப்பட்ட படத்தைக் காணும் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வாள்? உள்ள முகம் போதாது என்பதையன்றோ? நல்ல ஒளி முகத்தை அழகாக்கும். அதை வேறொருவர் முகமாக ஆக்காது.

இயற்கை ஒளியில் முகத்தைத் தீட்டும் கலை இந்நாட்டுக்குப் புதிதன்று. 1815 இல் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையார், தமது 48 ஆம் வயதிலேயே முதற் கமராவைப் பரிசாகப் பெற்றவர். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்தார். படமெடுக்கப்படுவோர் பல விநாடிகள் அசையாதிருக்க வேண்டிய ஈரத் தகட்டு முறையில், ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் படமாக்கினார். அவற்றுள் இன்று எஞ்சியுள்ளவை முப்பதுக்கும் குறைவு. அம்முகங்களின் ஆழம் இன்றும் காண்போரை நிறுத்துகின்றது. ஆனால், அம்முகங்களுக்கு உரியோரிற் பெரும்பாலோரின் பெயர்கள் எழுதப்படவில்லை. அவர்தம் பேரர் வழியினர் அப்படங்களைக் கண்டாலும் தம்மவரென அறிய வழியில்லை.

இதிலிருந்து பெறத்தக்க பாடங்கள் இரண்டு. முதலாவது, படத்துக்கு நிற்பவரின் விருப்பம். பதின்வயதினர் தம் தோற்றத்தைப் பற்றிக் கூச்சமுடையோர். ஆதலின் அவரைக் கேட்டே படமெடுத்தல் வேண்டும், எடுத்ததை அவருக்குக் காட்டுதல் வேண்டும், அவர் வேண்டாமென்றதை நீக்குதல் வேண்டும். சிரிக்குமாறு கட்டளையிடுவதிலும், பட்டத்துக்கு விண் பூட்டும் முறையைச் சொல்லும்படி கேட்பது மேல். கை வேலையில் ஈடுபட, முகம் தானே மலரும். இரண்டாவது, பெயர். நல்ல படத்தைத் தாளில் அச்சிட்டு, அதன் பின்புறத்திற் பெயர், வயது, ஊர், நாள் ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். தொலைபேசி பழுதானால் அதனுள் இருந்த படங்களும் போய்விடக்கூடும்.

விலையுயர்ந்த விளக்குகள் இதற்கு வேண்டியதில்லை. வடவானும் வெள்ளைச் சுவரும் பொறுமையான கண்ணும் இருந்தாற் போதும். பிள்ளைகளின் முகத்தை அதன் சொந்த நிறத்தோடும் சொந்தப் பெயரோடும் காத்துவைப்பது, பெற்றோரும் மூத்தோரும் அவர்களுக்கு ஆற்றக்கூடிய எளிய கடமைகளுள் ஒன்றாகும்.