எலெக்ட்ரிக் கார் பேட்டரி: எத்தனை ஆண்டுகள் உழைக்கும்?

எலெக்ட்ரிக் கார் வாங்க நினைக்கும் அனைவரும் கேட்கும் முதல் கேள்வி, "பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்பதுதான். காரின் விலையில் கணிசமான பகுதி பேட்டரிக்கே போகிறது. செல்போனில் இரண்டு, மூன்று ஆண்டுகளில் பேட்டரி சோர்ந்து போவதைப் பார்த்தவர்களுக்குப் பயம் வருவது இயல்பே. கல்லல் போன்ற வெயில் ஊரில் வசிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

பேட்டரி பற்றிப் பேசும்போது பக்கத்து ஊரான காரைக்குடியை மறக்க முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் உருவானது அங்குள்ள மத்திய மின் வேதியியல் ஆய்வகம் (சிக்ரி). 1948ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். லித்தியம் அயன் பேட்டரி தயாரிக்க இந்த ஆய்வகம் உருவாக்கிய தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனத்திற்கு வழங்கும் ஒப்பந்தம் 2018ல் கையெழுத்தானது.

கொஞ்சம் கணக்கு

பேட்டரியின் கொள்ளளவை கிலோவாட் ஹவரில் சொல்வார்கள். நம் வீட்டு மின்சார மீட்டர் காட்டும் ஒரு யூனிட்தான் அது. 30 யூனிட் பேட்டரி உள்ள கார் முழு சார்ஜில் ஏறத்தாழ 200 கி.மீ. ஓடும் என்று வைத்துக் கொள்வோம். கல்லலிலிருந்து வேலைக்காகத் தினமும் 40 கி.மீ. ஓட்டுபவர் ஒரு நாளில் 20 சதவீத சார்ஜைத்தான் செலவழிக்கிறார். ஐந்து நாட்கள் சேர்ந்தால் ஒரு முழு சுற்று. ஆண்டுக்கு 73 சுற்றுகள். 1,000 சுற்றுகள் தாங்கும் பேட்டரி என்றாலும் 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அப்படியானால் பேட்டரி எதனால் தேய்கிறது? ஓடுவதால் மட்டுமல்ல, சும்மா நின்றாலும் தேய்கிறது. உள்ளே உள்ள கிராஃபைட் மீது மெல்லிய படலம் ஒன்று படிந்து, லித்தியத்தைச் சிறிது சிறிதாக விழுங்குகிறது. வெப்பம் கூடினாலும், பேட்டரி நெடுநேரம் முழு சார்ஜில் இருந்தாலும் இது வேகமாக நடக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அக்னி நட்சத்திர வெயிலில் காரை நாள் முழுதும் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

2010ல் வந்த நிசான் லீஃப் காரில் பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் வசதி இல்லை. அமெரிக்காவின் பாலைவன மாநிலமான அரிசோனாவில் ஓடிய கார்களில் கொள்ளளவு விரைவாகக் குறைவதாக 2012ல் புகார்கள் எழுந்தன. இன்று பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் திரவக் குளிர்விப்பு உள்ளது. பல நாடுகளில் ஓடும் கார்களை ஆராய்ந்ததில், ஆண்டுக்குச் சராசரியாக 2 சதவீதம் அளவே கொள்ளளவு குறைவது தெரிய வந்துள்ளது. அதாவது நம் 200 கி.மீ. கார், எட்டு ஆண்டுகள் கழித்தும் 168 கி.மீ. ஓடும். டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் கார் 2020ல் வந்தபோதே பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தரப்பட்டது.

ஆயுளை நீட்டிக்கும் வழிகள்

1. முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை பேட்டரி என்று கையேட்டில் பாருங்கள். என்.எம்.சி. வகை என்றால், அன்றாட உபயோகத்திற்கு 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துங்கள். வெளியூர்ப் பயணத்திற்கு முன் மட்டும் 100.

2. எல்.எப்.பி. வகை வெப்பத்தையும் முழு சார்ஜையும் சற்று அதிகம் தாங்கும். இதில் மின்னழுத்தம் அதிகம் மாறாததால், மிச்ச சார்ஜைக் கணக்கிட காரின் கம்ப்யூட்டர் தடுமாறும். எனவே கையேட்டில் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் வாரம் ஒரு முறை, 100 வரை ஏற்றுங்கள்.

3. நிழலில் நிறுத்துங்கள். வேப்ப மரத்தடியோ கீற்றுக் கொட்டகையோ போதும். தகரக் கூரை வேண்டாம். அடியில் அனலாகக் கொதிக்கும்.

4. மதிய வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாதீர்கள். இரவில் வீட்டில் மெதுவாக ஏற்றுவதே நல்லது. வேக சார்ஜரை நீண்ட பயணங்களுக்கு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

5. 20 சதவீதத்திற்குக் கீழ் அடிக்கடி இறங்க விடாதீர்கள். பல வாரங்கள் ஊரில் இல்லை என்றால், பாதி சார்ஜில் விட்டுச் செல்லுங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பலவற்றில் திரவக் குளிர்விப்பு கிடையாது. ஆகவே அவற்றுக்கு நிழல் இன்னும் அவசியம்.

பழைய கார் வாங்கும்போது

பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்றை விலை பேசி வந்த என் பெரியப்பா, "இருபதாயிரம் கிலோமீட்டர்தான்டா ஓடியிருக்கு, பயமில்லையே?" என்று கேட்டார். மேலே பார்த்தபடி, கிலோமீட்டர் மட்டும் போதாது. எத்தனை ஆண்டுகள் ஆயின, எங்கே நின்றது என்பதும் முக்கியம். சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கியச் சதவீதத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். முழு சார்ஜிலிருந்து 20 சதவீதம் வரை ஓட்டிப் பார்த்து, ஓடிய தூரத்தைக் குறித்துக் கொள்ளவும் சொன்னேன். அது 80 சதவீத சார்ஜில் ஓடிய தூரம். அதை 100க்குக் கணக்கிட்டு, கார் புதிதாக இருந்தபோது நடைமுறையில் ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால் நிலவரம் ஓரளவு புரிந்துவிடும். வாரண்டி அடுத்த உரிமையாளருக்கும் தொடருமா, கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் படித்துப் பாருங்கள். 70 முதல் 80 சதவீதம் என்று ஏதாவது ஓர் எல்லை எழுதியிருக்கும்.

பேட்டரி என்றாவது சோர்ந்தாலும் அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. கார் ஓட்டப் போதாத பேட்டரி, சூரிய மின்சாரத்தைச் சேமிக்கப் போதும். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்ய வைப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஆகவே பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.

இந்த வழிகளில் பலவும் உங்கள் லேப்டாப்புக்கும் பொருந்தும். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.