மேயர் வேண்டாம் என்ற ஊருக்கே மேயர் வந்த கதை தெரியுமா?

2012-ல் மான்செஸ்டர் மக்களிடம் ஒரு கேள்வி: மேயரை நீங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறீர்களா? 'வேண்டவே வேண்டாம்' என்றார்கள் 53 சதவீதம் பேர்! ஐந்தே வருடத்தில் என்ன ஆனது தெரியுமா? போல்டன், விகன், ஓல்டம் என்று அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்து 10 உள்ளாட்சிகளுக்கு, சுமார் 28 லட்சம் மக்களுக்கு ஒரே மேயர்! இந்த முறை மக்களிடம் வாக்கெடுப்பே கிடையாது. மத்திய அரசும் உள்ளூர்த் தலைவர்களும் 2014 நவம்பரில் ஒப்பந்தம் போட்டதோடு சரி!

2017 மே 4. இங்கிலாந்தில் ஒரே நாளில் 6 வட்டாரங்களுக்கு முதல் மேயர் தேர்தல்! கூட்டம் அலைமோதியிருக்கும் என்கிறீர்களா? மான்செஸ்டர் வட்டாரத்தில் 100-க்கு 29 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். அந்த 6-ல் இன்னொன்றான டீஸ் வேலியில் 21 பேர்தான்!

அந்த ஓட்டுச்சீட்டே ஓர் அதிசயம்! ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் உங்களுக்குப் பிடித்தவருக்கு. இரண்டாவது, 'அவர் இல்லாவிட்டால் இவர்'! யாருமே பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவர் தவிர எல்லோரும் அவுட். அவுட் ஆனவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இரண்டாவது கட்டத்தை எண்ணுவது அப்போதைய விதி. மான்செஸ்டரில் அதற்கு வேலையே வரவில்லை. ஆண்டி பர்னம் முதல் சுற்றிலேயே 63 சதவீதம்! சம்பளத்தில் 15 சதவீதத்தை வீடற்றவர்களுக்குத் தருவதாகச் சொல்லியே ஓட்டுக் கேட்டவர் அவர்!

போலீஸ் பொறுப்பும் இந்த மேயர் கையில்தான், தெரியுமா? அவர் பதவியேற்ற இரண்டே வாரத்தில் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். கலங்கி நின்ற ஊருக்கு ஆறுதலாகப் பேச வேண்டிய முதல் ஆள், அந்தப் புது மேயர்தான்.

பேருந்து? லண்டனுக்கு வெளியே தனியாரிடம் போயிருந்த பேருந்துகளை 2023-ல் மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கிய முதல் வட்டாரம் மான்செஸ்டர்தான்! மஞ்சள் வண்டிகள்!

டீஸ் வேலியில் ஜெயித்த பென் ஹவ்சனுக்கு வயது வெறும் 30! உள்ளூர் விமான நிலையத்தையே வாங்குவேன் என்றார். 2019-ல் வாங்கியும் விட்டார், 4 கோடி பவுண்டுக்கு! அதே வட்டாரத்து ஹார்ட்டில்பூல் ஊர் 2002-ல் யாரை மேயராக்கியது தெரியுமா? கால்பந்து அணிக்காகக் குரங்கு வேஷம் போட்டவரை! பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்பது அவர் வாக்குறுதி. நம்புங்கள், அவர் மூன்று முறை ஜெயித்தார்!

நெருக்கமான போட்டி என்றால் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் வட்டாரம்தான். 2017-ல் ஆண்டி ஸ்ட்ரீட் ஜெயித்தது வெறும் 3,766 ஓட்டில்! 2024-ல் அவரே தோற்றார். எத்தனை ஓட்டில் தெரியுமா? 1,508!