போன் உங்கள் கையில்; கணக்கு யார் பேரில்?

செல்போன் கடைகளில் புது போன் வாங்கும்போது நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டியைப் பிரித்து, சிம்மைப் போட்டு, டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக்கொண்டே கவுன்ட்டரில் நிற்கும் தம்பி கேட்பார்: “மெயில் ஐடி இருக்காண்ணே?”

“அதெல்லாம் ஞாபகம் இல்லப்பா. நீயே ஒண்ணு போட்டுக் குடுத்துரு.”

இரண்டே நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். உங்கள் பெயர், பக்கத்தில் நாலு எண்கள், அவருக்கு எளிதாக வரும் ஒரு கடவுச்சொல். பிறந்த தேதி கேட்டால் வாய்க்கு வந்த ஒன்று. மீட்பு எண் கேட்கும் இடத்தில் ‘ஸ்கிப்’. பின்னால் மூன்று பேர் ரீசார்ஜுக்குக் காத்திருக்கிறார்கள். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அன்றைக்கு ஒரு தொல்லையும் தெரியாது. யூடியூப் ஓடும், பிளே ஸ்டோர் திறக்கும். போன் தண்ணீரில் விழுந்த பிறகோ, பஸ்ஸில் தொலைந்த பிறகோதான் விஷயம் புரியும். தொடர்பு எண்கள், போட்டோக்கள், வாட்ஸ்அப் பேச்சுகளின் காப்பு எல்லாம் அந்தக் கூகுள் கணக்கோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. அதன் பெயரும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது என்றால், வீட்டுச் சாவி நம்மிடம் இருந்து பட்டா வேறு யார் பேரிலோ இருக்கிற கதைதான். இரண்டு ஆண்டுகள் எட்டிப் பார்க்காத கணக்குகளைக் கூகுள் நீக்கிவிடலாம் என்ற விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே புது போன் வாங்கப்போகிறவர் முதலில் தொடவேண்டியது பழைய போனைத்தான். செட்டிங்ஸில் ‘கூகுள்’ என்ற இடத்தைத் திறந்தால் எந்த மெயில் முகவரியில் போன் ஓடுகிறது என்று தெரியும். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டாலும் பதற வேண்டாம். கணக்கு அந்த போனில் திறந்திருக்கும்வரை, ‘மறந்துவிட்டது’ என்று தட்டினால் பெரும்பாலும் போனின் திரைப்பூட்டைக் கேட்டே அடையாளத்தை உறுதிசெய்துகொண்டு, புதியது வைக்க விட்டுவிடும். போன் செத்துப்போன பிறகு இதே வேலை பெரும்பாடு. கையோடு கையாக மீட்பு எண்ணாக உங்கள் நம்பரையும், மீட்பு மெயிலாக வீட்டில் நம்பிக்கையான ஒருவருடையதையும் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது தொடர்பு எண்கள். இவை மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கலாம்: சிம்மில், போனில், கூகுள் கணக்கில். பட்டன் போன் காலத்திலிருந்து ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு வந்தவர்களுக்குப் பாதி எண்கள் சிம்மிலேயே இருக்கும். சிம்மில் வழக்கமாக 250 பெயர்கள் அளவுக்குத்தான் இடம். பெயரின் நீளத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. தமிழில் எழுதினால் இன்னும் குறைவு. ‘பிளம்பர் செல்வம் அண்ணாநகர்’ என்று சேமிக்கப் பார்த்தால் ‘பிளம்பர் செல்’லோடு நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். கான்டாக்ட்ஸ் செயலியில் ‘இம்போர்ட்’ கொடுத்து எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு ஏற்றிவிட்டால், அடுத்த போனில் அந்தக் கணக்கைத் திறந்தவுடன் அத்தனையும் தானே வந்து உட்கார்ந்துவிடும்.

போட்டோக்கள் விஷயத்தில் பலரும் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, நடப்பது வேறு. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 வரை அளவில்லாமல் இலவச இடம் கொடுத்தது. இப்போது மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. அது நிரம்பினால் போட்டோ ஏறுவது நிற்பதோடு மெயில் வருவதும் நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் தனிக் கோப்புறையில் இருப்பவை. நீங்களாக இயக்கினால் ஒழிய அவை காப்பில் சேராது. பேத்தியின் படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவைதான் என்றால், அந்தக் கோப்புறைக்கான காப்பு ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இனி வாட்ஸ்அப். இங்கேதான் கண்ணீர் அதிகம். புது போனில் வாட்ஸ்அப்பை நிறுவி, எண்ணைக் கொடுத்து, ஓடிபி வந்ததும் ஒரு திரை வரும்: காப்பு இருக்கிறது, மீட்கட்டுமா, தவிர்க்கட்டுமா? அவசரத்தில் ‘ஸ்கிப்’பைத் தட்டிவிட்டால் செயலி வெறுமையாகத் திறக்கும். அப்போதும் காப்பு டிரைவில் அப்படியேதான் இருக்கும். செயலியை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினால் அந்தக் கேள்வி மறுபடி வரும். ஆனால் அதை உடனே செய்யவேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால், இரவில் புது போன் தன் வெறுமையையே புதிய காப்பாக ஏற்றி, பழையதை அழித்துவிடக்கூடும்.

இதைவிட நிம்மதியான வழியும் உண்டு. 2023 முதல் டிரைவ் வழியாகச் சுற்றாமலேயே ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு நேராக மாற்றலாம். பழைய போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், அதில் ‘டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்’. இரண்டு போன்களிலும் வைஃபையும் லொகேஷனும் இயங்கவேண்டும். ஒன்றின் திரையில் தோன்றும் கியூஆர் படத்தை மற்றது ஸ்கேன் செய்தால் வேலை தொடங்கிவிடும். இது ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ, ஐபோனிலிருந்து ஐபோனுக்கோ மாறுகிறவர்களுக்கு. கட்சி மாறுகிறவர்களுக்குக் கதை வேறு. ஐபோன் தன் காப்பை ஐகிளவுடில் வைக்கிறது. அதை ஆண்ட்ராய்டால் படிக்க முடியாது. அந்தத் திசைக்கு இரண்டு போன்களையும் கேபிளால் இணைத்து, புது போனை அமைக்கும்போதே மாற்றவேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போவோருக்கு ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி இருக்கிறது. அதையும் ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போது பயன்படுத்துவதே முறை.

வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்க ரகசிய எண் போட்டுவிட்டு மறந்தவர்களும் உண்டு. மீட்பு மெயிலும் கொடுத்து வைக்கவில்லை என்றால் 7 நாள் காத்திருக்கவேண்டும். பழைய போன் திறந்திருக்கும்போதே அந்த எண்ணை மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பண விஷயத்துக்கு வருவோம். கூகுள் பே, போன்பே, பிம் போன்ற யுபிஐ செயலிகளை வெறுமனே ‘காப்பி’ செய்துகொள்ள முடியாது. ஒவ்வொரு போனிலும் புதிதாகப் பதியவேண்டும். அப்போது செயலி உங்கள் போனிலிருந்து உங்கள் சிம் வழியாகவே, படித்தால் ஒன்றும் புரியாத எழுத்துகள் கொண்ட ஒரு எஸ்எம்எஸ்ஸை அனுப்பும். இந்த எண், இந்த போனில்தான் இருக்கிறது என்று வங்கிக்குக் காட்டும் சாட்சி அது. ‘வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்று மறுபடி மறுபடி வந்தால் மூன்றைப் பாருங்கள். இரண்டு சிம் போனில் வங்கியில் பதிந்த சிம்மைத்தான் தேர்ந்தெடுத்தீர்களா? எஸ்எம்எஸ் அனுப்ப அந்த சிம்மில் பேலன்ஸோ பேக்கோ இருக்கிறதா? டேட்டா மட்டும் உள்ள ரீசார்ஜில் இணையம் பறக்கும், இந்த எஸ்எம்எஸ் மட்டும் போகாது. மூன்றாவது, சிம்மைச் சமீபத்தில் மாற்றினீர்களா?

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். டூப்ளிகேட் சிம் வாங்கினாலோ, பழைய சிம்மைக் கொடுத்துப் புதியது வாங்கினாலோ, இசிம்முக்கு மாறினாலோ, அந்த எண்ணில் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகாது, வராது. நம் எண்ணில் வேறு யாராவது சிம் வாங்கி ஓடிபியைத் திருடுவதைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் போனையும் சிம்மையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, மாலையில் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் அனுப்பவேண்டும் என்று நிற்பவருக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும். புது போனில் யுபிஐ பதிந்த பிறகும் முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக ₹5,000 வரைதான் அனுப்ப முடியும். ஐபோனில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளலாம். வாடகை, பள்ளிக் கட்டணம் கட்டும் வாரத்தில் போனை மாற்றாமல் இருப்பது நல்லது.

அரசுச் செயலிகளில் டிஜிலாக்கர் சிக்கலில்லாதது. உள்ளே நுழைந்தால் ஆவணங்கள் அங்கேயே இருக்கும். இனி புது போனை அமைப்பதற்கு வருவோம். பேட்டரிக்கு, பெட்டியைப் பிரித்ததும் எட்டு மணி நேரம் சார்ஜ் போடவேண்டும் என்ற பழைய சாஸ்திரம் இன்றைய லித்தியம் பேட்டரிகளுக்குப் பொருந்தாது. இருக்கிற சார்ஜோடு பயன்படுத்தத் தொடங்கலாம்.

போனை அமைக்கும்போது வரிசையாக வரும் திரைகளில் எல்லாவற்றுக்கும் ‘சம்மதம்’ என்று தட்டிக்கொண்டே போகிறோம். முதலில் வரும் கூகுள் நிபந்தனைகளை ஏற்காமல் முடியாது. அதற்குப் பின்னால் போன் நிறுவனம் தன் பங்குக்குக் கேட்பவை வேறு: விளம்பரப் பரிந்துரை வேண்டுமா, பூட்டிய திரையில் படமும் செய்தியும் காட்டட்டுமா, இந்தப் பத்து செயலிகளையும் இறக்கட்டுமா? இவற்றுக்கு ‘வேண்டாம்’ சொன்னால் போனுக்கு ஒன்றும் ஆகாது. குறைந்த விலை போன்களில் விளம்பரம் கொட்டுவதற்குப் பாதிக் காரணம் இந்த இடத்தில் அவசரமாகத் தட்டிய சம்மதம்தான். பிறகு செயலிகள் கேட்கும் அனுமதிகள். கேமரா செயலி கேமராவைக் கேட்பது நியாயம். டார்ச் லைட் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? லொகேஷனுக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற நடுவழியும் இருக்கிறது. டாக்ஸிச் செயலிக்கு அதுவே போதும்.

அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கும் போனுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றுவதா என்பதை அவர்களையே கேளுங்கள். ‘செட்டிங்ஸ்’ என்று பழகியவருக்கு ‘அமைப்புகள்’ என்று மாறி நின்றால் வழி தவறும். தட்டச்சுக்கு மட்டும் தமிழைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். ஜிபோர்டில் தமிழ் எழுத்துகளைப் பார்த்துத் தட்டலாம், ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கலாம், விரலால் திரையில் எழுதவும் செய்யலாம். இவை எதுவும் கைவராதவருக்கு மைக் படம் இருக்கிறது. தமிழ்க் குரல் தட்டச்சைக் கூகுள் 2017-ல் கொண்டுவந்தது. “சாயந்தரம் வரும்போது வெத்தல வாங்கிட்டு வா” என்று பேசினால் அப்படியே எழுத்தாக விழும். ஊர்ப்பேச்சில் ஒன்றிரண்டு சொல் பிசகினாலும் பேரனுக்குப் புரியும்.

அவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். கல்யாணப் பத்திரிகை, வங்கி அறிவிப்பு, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்பு பத்திரிகை அல்ல. அது ஒரு செயலி. தட்டி நிறுவினால் போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களையே படிக்கும், ஓடிபி உட்பட. உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், ஸ்கிரீனைக் காட்டுங்கள்’ என்று எவராவது ஒரு செயலியை இறக்கச் சொன்னால், போனை வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதமில்லாமல் 1930. அந்த எண்ணை அவர்கள் போனில் இப்போதே சேமித்து வையுங்கள்.

பழைய போனுக்கு இனிமேல்தான் வேலை. புது போனில் தொடர்புகள், போட்டோ, வாட்ஸ்அப், வங்கி எல்லாம் ஓடுகின்றன என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பிறகு அழியுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் அந்த ஒரு வாரம் கிடைக்காது. அதனால் கடைக்குப் போவதற்கு முன்பே காப்புகளைச் சரிபார்த்தாக வேண்டும். அழிப்பதிலும் வரிசை உண்டு: முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், அப்புறம் ‘ஃபேக்டரி ரீசெட்’. ஆண்ட்ராய்டில் 2015-லிருந்து ஒரு திருட்டுத் தடுப்பு இருக்கிறது. கணக்கை நீக்காமல் பட்டன்களை அமுக்கி ரீசெட் செய்தால், போன் மறுபடி எழும்போது பழைய கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும். தம்பிக்குக் கொடுத்த போன் ‘லாக் ஆயிருச்சு’ என்று கடைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான். படங்களை மட்டும் அழித்துவிட்டுக் கொடுப்பது போதாது. சிம்மையும் மெமரி கார்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டாக வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் *#06# போட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். ‘கேஒய்எம்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் போனின் விவரம் வரும்; திருட்டுப் புகாரில் முடக்கப்பட்டதா என்பதும் தெரியும். புது போன் வாங்கியவர்கள் பில்லையும், பெட்டியில் ஐஎம்இஐ அச்சிட்ட பக்கத்தையும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகாருக்கும், 2023-ல் வந்த சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்குவதற்கும் அந்த எண் வேண்டும். தொலைந்த போனுக்குள்ளேயே அதைச் சேமித்து வைத்தவர்களும் இருக்கிறார்கள்.